அடுத்தவன் காலில் வைத்த வேண்டுதல்

வேண்டிக்கொள்கிறவர்கள் தங்களிடம் இருப்பதைத்தான் சாமிக்குத் தருவதாகச் சொல்ல வேண்டும். முடியைத் தரலாம், ஆட்டைத் தரலாம், அலகு குத்திக்கொள்ளலாம், மண்சோறு தின்னலாம். அதெல்லாம் அவரவர் உடம்பு, அவரவர் வீட்டுப் பொருள். மரக்காணம் உப்பளத்தில் வேலை பார்க்கும் கலையரசன் அப்படிச் சில்லறையாக வேண்டிக்கொள்கிற ஆள் இல்லை. தன் நண்பன் ரெக்ஸின் இரண்டு கால்களையும் தூக்கிப் பர்வதமலைச் சாமியிடம் ஒப்படைத்துவிட்டான். ரெக்ஸை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்கிற நிலையில் ரெக்ஸ் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ரெக்ஸ் செல்போன் டவர் ஏறுகிறவன். கடலோரத்துக் குப்பத்துப் பையன், அப்பா இல்லை, அம்மா ஜோசப்பின் மட்டும்தான். அவனும் கலையரசனும் ஒண்ணாங்கிளாஸிலிருந்து ஒரே பெஞ்சு. ரெக்ஸ் பூசைக்குப் போனால் மாதா கோயில் வாசலில் கலையரசன் சைக்கிளோடு நிற்பான். கலையரசன் தீ மிதிக்கப் போனால் ரெக்ஸ் செருப்புக்குக் காவல் இருப்பான். உயரம் என்றால் ரெக்ஸுக்குக் கொண்டாட்டம். திண்டிவனம் பக்கத்து டவர் ஒன்றில், பெல்ட்டின் கொக்கியை மாட்டிக்கொள்ளாமல் கையை நீட்டி, மேலேயிருந்து விழுந்துவிட்டான். அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது, அவனுடைய அவசரம்தான்.

புதுச்சேரியில் டாக்டர் கையை விரித்தபோது கலையரசன் ஆஸ்பத்திரிச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றான். அவனுக்குத் தெரிந்த சாமிகளில் உயரத்தில் இருப்பது பர்வதமலைச் சாமி. "இவனைப் பொழைக்க வச்சிடு சாமி. இவனை இவன் கால்லயே நடத்தி உன் மலைக்குக் கூட்டினு வர்றேன்" என்று சொல்லிவிட்டான். சாமி பாதிதான் கேட்டது. உயிரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அன்று சாயங்காலமே இடது காலை முட்டிக்குக் கீழே ஒரு சாணோடு நிறுத்திக்கொண்டது.

வேறு ஒருவனாக இருந்தால் உண்டியலில் எதையாவது போட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, விஷயத்தை முடித்திருப்பான். கோயில் பூசாரி ஒருவரும் அதைத்தான் சொன்னார். கலையரசன் பிடித்தால் குரங்குப் பிடி. கொடுத்த வார்த்தையை எப்படித் திருப்பி வாங்குவது என்று உள்ளுக்குள்ளேயே புழுங்கினான். ரெக்ஸிடம் வாயைத் திறக்கவில்லை. செயற்கைக் கால் போட்டுக்கொண்டு ரெக்ஸ் பெரிய ரோட்டில் ரீசார்ஜ் கடை வைத்தான். ஏறி இறங்கிக்கொண்டிருந்தவன் நாள் முழுக்க ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கிடந்தான். கலையரசன் யுவராணியைக் கல்யாணம் செய்துகொண்டான். முதல் பிள்ளை வயிற்றிலேயே தங்கவில்லை. அடுத்ததும் தங்கவில்லை. இடையஞ்சாவடியில் குறி சொல்கிற கொளஞ்சியம்மாள் அவன் முகத்தைப் பார்த்ததும், "மலையில ஒரு கடன் நிக்குதுப்பா, அதைத் தீர்க்காம உன் வீட்ல தொட்டில் ஆடாது" என்றாள். அவன் ஒன்றுமே சொல்லாதபோதே சொன்னாள். அதற்குப் பிறகு அவனுக்குத் தூக்கம் ஏது?

யுவராணி மறுபடியும் முழுகாமல் இருந்தாள். இந்த முறை சந்தோஷப்படக்கூட அவனுக்குப் பயம். சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு வெறிக்க வெறிக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். அதைப் பார்க்கப் பொறுக்காமல் அவள்தான் ஒருநாள் கடைக்குப் போய் ரெக்ஸிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

அன்று மத்தியானமே ரெக்ஸ் ஆட்டோ பிடித்து உப்பளத்துக்கு வந்து இறங்கினான். பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த கலையரசனை வரப்பில் நின்றபடியே பார்த்தான்.

"டேய், என் காலை அடகு வச்சிட்டு வந்திருக்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டியாடா?"

கலையரசன் உப்பு வாரும் பலகையைக் கீழே போட்டான். "நீ சாவக் கிடந்தடா. எனக்கு வேற இன்னா தெரியும்?"

"நல்லா வேண்டினடா நீயி. ஒரு மொட்டையோட முடிச்சிருக்கலாம்ல?" ரெக்ஸ் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் சட்டென்று நிறுத்தினான். "சரி, போலாம். இந்தப் புள்ள பொறக்கறதுக்குள்ள போய்ட்டு வந்துடலாம்."

"வேணாம்டா. அது படிக்கட்டு இல்ல. பாறை. கடப்பாறை அடிச்சி வச்சிருப்பாங்க, அதப் புடிச்சிதான் ஏறணும்."

"கடப்பாறையா?" என்று கேட்டபோது ரெக்ஸின் முகத்தில் பழைய டவர்க்காரன் வந்து நின்றான். "அப்ப கண்டிப்பா போறோம்."

ரெக்ஸுக்கு அந்தச் சாமியில் நம்பிக்கை கிடையாது. ஆனால் கலையரசனின் பயத்தில் அவனுக்கு முழு நம்பிக்கை இருந்தது. இந்தப் பிள்ளையும் தங்காமல் போனால் இவன் பைத்தியமாகிவிடுவான் என்று நினைத்தான். தவிர, அந்த ஸ்டூலிலிருந்து எழுந்துகொள்ள அவனுக்கும் ஒரு காரணம் வேண்டியிருந்தது.

மரக்காணத்தில் மலைக்கு எங்கே போவது? கண்ணுக்கு எட்டின வரைக்கும் தட்டையான பாத்திதான். உயரம் என்று இருந்ததெல்லாம் வாரிக் குவித்த உப்பு அம்பாரங்கள். ரெக்ஸ் அதில் ஏறிப் பழகினான். உப்பு சரியும், இவனும் சரிவான், மறுபடியும் ஏறுவான். தலையில் கூடையோடு போகும் பெண்கள் நின்று பார்த்தார்கள். "இன்னா ரெக்ஸு, இமயமலைக்கு டிக்கெட் போட்டுட்டியா?" என்று வசந்தா கேட்டாள். "உனக்கும் சேத்துதான் போட்டிருக்கேன், மூட்டையக் கட்டு" என்றான் அவன். உப்பளம் முழுக்க அவனுக்காகச் சிரித்தது. அந்த இரண்டு மாதமும் எல்லோரும் நன்றாகத்தான் இருந்தார்கள்.

அம்பாரம் ஏற ஏற மிச்சக் காலின் நுனியில் கொப்புளம் வந்தது. செயற்கைக் கால் பொருத்திய ஆள், நுனித்தோல் மெத்தென்று இருக்க வேண்டும், எண்ணெய் போட்டுப் பார்த்துக்கொள், முட்டி இருக்கிறவரைக்கும் நீ ராஜா, அதை மட்டும் விட்டுவிடாதே என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கலையரசனுக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை. அவனுக்குத் தோலைப் பற்றித் தெரிந்ததெல்லாம் உப்பளத்தில் தெரிந்துகொண்டது. புதிதாக இறங்குகிறவன் கால் முதலில் வெடிக்கும், எரியும், ராத்திரியெல்லாம் அழ வைக்கும். பிறகு காய்த்துவிடும். காய்த்துப் போன காலுக்கு ஒன்றும் ஆகாது. "அவரு பாத்தியில ஒரு நாள் நின்னிருப்பாரா?" என்று சொல்லி, முற்றின உப்புத் தண்ணீரை வாளியில் மொண்டு வந்து தினம் அதில் காலை ஊற வைத்தான். ரெக்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கொஞ்ச நாளில் தோல் தடித்துக் கறுத்தது. குத்திப் பார்த்தால் உறைக்கவில்லை. வலி போய்விட்டது என்று இரண்டு பேரும் சந்தோஷப்பட்டார்கள். வெளியில் காற்றுப் பட்டுக் காய்க்கிற பாதம் வேறு, செயற்கைக் காலின் பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் வியர்வையில் வேகிற நுனி வேறு என்று அந்த உப்பளத்தில் யாருக்குத் தெரியும்?

யுவராணிக்கு ஐந்தாம் மாதம் தொடங்கியது. முன்னே இரண்டும் மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை என்பதால் வீட்டில் மெல்லப் பேச்சு வந்தது. பங்குனியில் ஒருநாள் இருவரும் கிளம்பினார்கள். அவளுக்குத் துணையாக ஜோசப்பின் வந்து தங்கினாள். மகன் மலை ஏறுவதில் அவளுக்குத் துளியும் சம்மதம் இல்லை. ஆனாலும் யுவராணியின் வயிற்றைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். வாசலில் மகன் நெற்றியில் சிலுவை போட்டாள். பிறகு கலையரசனைப் பார்த்து, "உன்னை நம்பித்தான் அனுப்புறேன் கலை. முடியலைன்னா திரும்பிடுங்க" என்றாள்.

விடிகிற நேரத்தில் ஏறத் தொடங்கினார்கள். அடிவாரத்துப் படிகள் வரைக்கும் ஒன்றுமில்லை. ரெக்ஸ் இரண்டு கம்புகளை ஊன்றிக்கொண்டு சளைக்காமல் போனான். போகிறவர்கள் நின்று அவனோடு செல்பி எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெரியவர் அவன் இரும்புக் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ரெண்டு காலும் இருந்திருந்தா என்னை இடிச்சித் தள்ளிட்டுப் போயிருப்பாங்கடா இவங்க" என்றான் ரெக்ஸ். படி முடிந்து கரடுமுரடான பாறை வந்தபிறகு பேச்சு குறைந்தது. பாறைக்குப் பாறை கலையரசன் முன்னே ஏறிக் கை கொடுத்தான். வெயில் ஏறியது. இரண்டு இடத்தில் உட்கார்ந்தார்கள். காலைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கலையரசன் கேட்டான். "வலிச்சாத்தானே பாக்கணும்? ஒண்ணும் தெரியல" என்றான் ரெக்ஸ். அதுதான் கெட்ட சேதி என்று இருவருக்கும் தெரியவில்லை.

கடப்பாறை அடித்த பாறை நெட்டுக்குத்தாக நின்றது. பாறையில் வரிசையாக இரும்பு, பக்கத்தில் சங்கிலி. ரெக்ஸ் கம்புகளைக் கீழே போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தான். அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "டவர் மாதிரியே இருக்குதுடா" என்றான். கையைப் போட்டு ஏறினான். விழுந்ததற்குப் பிறகு அவனை அப்படிச் சந்தோஷமாகக் கலையரசன் பார்த்ததில்லை. பின்னாலேயே ஏறப் போனபோது சட்டைப் பையில் போன் அடித்தது. காலையிலிருந்து சிக்னல் இல்லாத போன் அது. ஜோசப்பின் பேசினாள்.

"கலை, புள்ள தங்கலப்பா. விடிகாலையில வலி வந்துடுச்சு. இப்பத்தான் ஆஸ்பத்திரியில சொன்னாங்க. யுவராணி நல்லாருக்குது. ஆனா புள்ள போயிடுச்சு. கேக்குதா? நீங்க எறங்கி வந்துடுங்க."

கேட்டது. ஒரு எழுத்து விடாமல் கேட்டது. அவன் போனைக் காதிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

"யாருடா?" மேலேயிருந்து ரெக்ஸ் கேட்டான்.

"உங்க அம்மா. சாப்டீங்களான்னு கேட்டாங்க."

"போயிச் சாப்பிடறோம்னு சொல்லுடா" என்றுவிட்டு ரெக்ஸ் அடுத்த இரும்பைப் பிடித்தான்.

ஏன் அப்படிச் சொன்னான்? அவனைப் பிடித்து உலுக்கிக் கேட்டாலும் அவனிடம் இருக்கிற பதில் ஒன்றுதான். இன்னும் உச்சிக்குப் போகவில்லை அல்லவா? வேண்டுதல் இன்னும் முடியவில்லை. பாக்கி நிற்கிறவரைக்கும் சாமி பிடித்துத்தான் வைத்திருக்கும். போய்ச் சேர்ந்துவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடும். ஆஸ்பத்திரியில் தப்பாகப் பார்த்திருப்பார்கள், மறுபடி பார்த்தால் துடிப்பு இருக்கும். இப்போது இறங்கினால்தான் அந்தப் போனில் வந்தது உண்மையாகும். இப்படி நினைக்கிறவனைப் பைத்தியம் என்போம். பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறவன் வேறு எப்படி நினைப்பான் என்று எனக்குத் தெரியவில்லை.

அவன் பின்னாலேயே ஏறினான். ரெக்ஸின் செயற்கைக் கால் வைத்து எடுத்த கடப்பாறையில் கையைப் போட்டான். பிசுபிசுத்தது. கையைத் திருப்பிப் பார்த்தான். ரத்தம். அடுத்ததிலும் இருந்தது. அண்ணாந்தால், கிண்ணத்தின் விளிம்பிலிருந்து இரும்புக் குழாய் வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. மேலே இருக்கிறவனுக்கு உறைக்கவே இல்லை, அவன் இரும்பைப் பிடித்துப் பிடித்துப் போய்க்கொண்டிருந்தான். அப்போதாவது நில்லுடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். ரத்தத்தைப் பார்த்தால் சாமிக்கு மனசு இளகும் என்று கலையரசனுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகப் பிற்பாடு தலையில் தலையில் அடித்துக்கொண்டான். தோன்றிய நேரத்தில் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஏறினான்.

உச்சிக் கோயிலில் சாமியை நாமே தொட்டுப் பூசை செய்யலாம். ரெக்ஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தான். கையால் தண்ணீர் ஊற்றினான். விபூதியை அள்ளிப் பூசினான். பழக்க தோஷத்தில் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டான், பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிறமாதிரி பேசினான்.

"சாமி, நம்ம ரெண்டு பேருக்கும் பழக்கம் இல்ல. இவன் எனக்காக உன்கிட்ட வாய விட்டுட்டான். வந்துட்டேன். இவன் புள்ளைய நல்லபடியா குடுத்துடு. அவ்ளோதான்."

கலையரசன் எழுந்து வெளியே ஓடினான். போனை எடுத்து அழைத்தான். ஜோசப்பின் எடுத்ததும், "ம்மா, இப்ப பாக்கச் சொல்லுங்க. இப்ப எப்படி இருக்குது? நாங்க வந்து சேந்துட்டோம்மா, இப்ப ஒரு தடவ பாக்கச் சொல்லுங்க" என்றான்.

ஜோசப்பின் போனில் பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். "என்னாப்பா பாக்கறது? புள்ளைய எடுத்துட்டாங்க. காலையிலயே உன்கிட்ட சொன்னேனே. நீங்க எறங்கலையா? கலை, நீங்க எறங்கலையா?"

அவன் திரும்பினான். வாசற்படியில் கையை ஊன்றி நகர்ந்து வந்த ரெக்ஸ் அங்கேயே உட்கார்ந்திருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருந்தான். அவன் முகத்தில் கோபம் இருந்தால்கூடக் கலையரசன் தாங்கியிருப்பான். அது வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தது.

"எப்பச் சொன்னாங்க?"

"கடப்பாறைக்குக் கீழ."

ரெக்ஸ் தலையை ஆட்டிக்கொண்டான். பிறகு குனிந்து, செயற்கைக் காலின் பட்டையை அவிழ்த்தான். கிண்ணம் சுலபத்தில் வரவில்லை. வந்தபோது தடித்த தோல் மொத்தமாக அதோடு வந்தது. சுற்றி நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு அம்மா முந்தானையைக் கிழித்துக் கொடுத்தாள்.

கலையரசன் அவனை முதுகில் சுமந்து இறங்கினான். செங்குத்தான இடத்தில் முன்பின் தெரியாதவர்கள் கை மாற்றி இறக்கினார்கள். வழி முழுக்க ரெக்ஸின் மூச்சு மட்டும் கலையரசனின் கழுத்தில் சுட்டுக்கொண்டே வந்தது. அடிவாரத்தில் வண்டியில் ஏற்றிப் படுக்க வைத்தபோதுதான் வாயைத் திறந்தான்.

"எங்க அம்மா சாப்டீங்களான்னு கேட்டாங்களா?"

கலையரசன் குனிந்து, முந்தானைத் துணிக் கட்டை இறுக்கிக் கட்டினான்.

சீழ் பிடித்துக் காய்ச்சல் கண்டது. உப்பில் ஊறிச் செத்துப்போன தோலுக்கடியில் எல்லாம் அழுகியிருந்தது என்றார் புதுச்சேரி டாக்டர். முட்டியைக் காப்பாற்ற முயன்று, கடைசியில் உயிரையாவது காப்பாற்றலாம் என்று தொடையில் வெட்டினார்கள். தொடையிலிருந்து கால் மாட்டி நடக்கிறவர்களும் இருக்கிறார்கள். ரெக்ஸ், வேண்டாம், இனி எதுவும் மாட்டவேண்டாம் என்றுவிட்டான். ரீசார்ஜ் கடையைக் காலி செய்தார்கள்.

யுவராணி வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். கலையரசன் பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது திரும்பாமலே கேட்டாள். "நான் அங்க கத்தினு கிடந்தேன். உனக்குத் தெரிஞ்சிடுச்சு. தெரிஞ்சப்புறமும் மேலதான் போனியா?" ஆமாம் என்றான்.

உப்பளத்தில் அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. வேலை அது பாட்டுக்கு நடந்தது. ரெக்ஸைப் புதுச்சேரியிலிருந்து கூட்டிவந்துவிட்டார்கள் என்று வசந்தா சொன்னாள். போகலாமா வேண்டாமா என்று அவன் பல நாள் தவித்துவிட்டு, ஒரு காலை வேலைக்குப் போகாமல் குப்பத்துக்கு நடந்தான்.

ஜோசப்பின் வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவனைப் பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கு நான் எதுக்கு போன் பண்ணேன் தெரியுமா கலை?" குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள், உள்ளே இருக்கிறவனுக்குக் கேட்கக் கூடாது என்று. "யுவராணி வேணாம்னுதான் சொல்லிச்சு. அவங்க எறங்கி வரட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்மான்னு அழுவுது. நான்தான் கேக்கல. உன் புள்ள போயிடுச்சு. இனிமே அவன் எதுக்கு ஏறணும்? கேட்டதும் நீ என் புள்ளைய இட்டுனு வந்துடுவன்னு நெனைச்சேன். அதுக்குத்தான் பண்ணேன்."

அப்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யாரும்மா அது? கலையா?"

அந்தக் குரலில் கோபம் இருந்ததா, ஆசை இருந்ததா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஜோசப்பின் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். நான்தான்டா என்றால் போதும். அவன் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான்.

"யாரும் இல்லப்பா" என்றாள் ஜோசப்பின். கத்தியை எடுத்து அடுத்த மீனை ஆய ஆரம்பித்தாள்.